கங்காணியின் கை எட்டாத இடம்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குடியேறிகளைப் பற்றி நடக்கும் வாக்குவாதத்தை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்களால் யாருடைய வீட்டுச் சண்டையோ என்று விட்டுவிட முடியவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து, தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றில், லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ டொராண்டோவுக்கோ வேலைக்குப் போன பிள்ளை ஒன்று இருக்கிறது. அதற்கும் மேலாக, நாங்களே கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஒரு நாட்டுக்குள் கூட்டமாக வந்து சேரும் மக்கள் தங்கள் குலத்தையும் சாதியையும் என்ன செய்கிறார்கள், அவை அவர்களை என்ன செய்கின்றன என்பதை நூறாண்டுக்கும் மேலாகப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

சட்டத்தின் முன் ஒவ்வொருவரும் தனி மனிதர், ஆணும் பெண்ணும் சமம், யாரை மணப்பது, எந்தத் தெய்வத்தைக் கும்பிடுவது, யாருக்கு வாக்களிப்பது என்பதை அவரவரே முடிவு செய்யலாம் என்னும் தாராளவாத விழுமியங்களின் மேல்தான் மேற்கு நாடுகள் தங்கள் அரசியலைக் கட்டியிருக்கின்றன. உறவுக்கும் குலத்துக்கும் முதலில் கட்டுப்பட்ட சமூகங்களிலிருந்து மக்கள் பெருமளவில் வந்து குடியேறினால் அந்த விழுமியங்கள் நிலைக்குமா என்று அங்கே கேட்கிறார்கள். இது இனவெறியர்களின் கேள்வி, பதில் சொல்லத் தேவையில்லை என்று ஒதுக்கிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குலக்கட்டு என்னவெல்லாம் செய்யும் என்பதைத் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்திய நான், என்னிடம் படித்த பிள்ளைகளின் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறேன்.

ஆனால் அங்கே சொல்லப்படும் இரண்டு பதில்களும் எனக்குப் போதவில்லை. குலப்பற்று சிலருக்குப் பிறவிக் குணம், கடல் கடந்தாலும் மாறாது, ஆகவே கதவை அடையுங்கள் என்கிறார்கள் ஒரு சாரார். அவரவர் பண்பாடு அவரவருக்கு, சமூகத் தலைவர்களை அழைத்துப் பேசிச் சுமுகமாகப் போய்விடலாம் என்கிறார்கள் மறுசாரார். குலம் என்பதை வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்த பொருளாகவே இரு சாராரும் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து கொஞ்சம் வரத்தான் செய்கிறது. ஆனால் வந்த இடத்தில் வேலையும் வீடும் காகிதமும் யார் கை வழியாகக் கிடைக்கின்றனவோ, அந்தக் கையைச் சுற்றித்தான் குலம் மறுபடியும் இறுகுகிறது. எங்கள் தோட்டங்களின் வரலாறு முழுவதும் இதற்குச் சாட்சி சொல்லும்.

ரப்பர் தோட்டத்துக்கு ஆள் கட்டிய கங்காணி, பெரும்பாலும் அதே தோட்டத்தில் வேலை செய்து துரையின் நம்பிக்கையைப் பெற்றவர். துரை அவருக்கு உரிமம் வாங்கித் தந்து, வழிச்செலவும் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் போவது தம் சொந்த கிராமத்துக்கு; அழைத்து வருவது தம் உறவினரையும், தம் சாதிக்காரரையும், அவருக்குக் கட்டுப்படக்கூடிய அக்கம்பக்கத்துக் குடும்பங்களையும். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. ஆள் ஒருவருக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தரகு கிடைத்தது. அதோடு முடியாமல், தம் ஆட்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசும் கிடைத்தது. அந்த ஆட்கள் வேறு தோட்டத்துக்கு ஓடாமலும் எதிர்த்துப் பேசாமலும் இருப்பதுதான் அவருக்கு லாபம். அதிகாலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுப்பவரும், அவசரத்துக்குக் கடன் கொடுப்பவரும், கல்யாணம் பேசி முடிப்பவரும், சண்டையைத் தீர்ப்பவரும், மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குபவரும் ஒரே மனிதராக இருந்தார். குழாயடியில் யார் குடம் முன்னால், யார் குடம் தள்ளி என்ற வரிசைகூட ஊரில் இருந்தபடியே இங்கும் இருந்ததாக எங்கள் அப்பாயி சொல்வார். உடல் உழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு தடை செய்யும்வரை இந்த ஆள்கட்டு முறை நடந்தது.

சாதிக்கு இங்கே உயிர் கொடுத்தது, ஊரில் இருந்து வந்த நினைவு மட்டுமில்லை. கிராமத்தில் அது நிலத்தோடும் கோயிலோடும் பிணைந்திருந்தது. கப்பலில் ஏறியபோது அந்தப் பிணைப்பு பாதியாவது அறுந்திருக்க வேண்டும். அதை மறுபடி முடிச்சுப் போட்டது தோட்ட நிர்வாகம். ஒவ்வொரு தொழிலாளியோடும் தனித்தனியாகப் பேசுவதைவிட ஒரு கங்காணியோடு பேசுவது துரைக்குச் சுலபம். அந்தத் துரைகளின் நாட்டில் 1872-லேயே இரகசிய வாக்கெடுப்பு சட்டமாகியிருந்தது. நில உடைமையாளர் பார்வையில் வெளிப்படையாக வாக்களித்த குடியானவரைத் தனி மனிதராக்கிய சட்டம் அது. அதே நாட்டவர் இங்கே வந்தபோது, மனிதரைத் தனி மனிதராக நடத்தும் பழக்கத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு, குலத் தலைவர் வழியாக ஆள்வதே ஆசியர்களுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

எங்கள் பேராக் மாநிலத்துக்கு இதில் இன்னும் பழைய அனுபவம் உண்டு. இங்கிருந்து மேற்கே இருக்கும் தைப்பிங், ஒரு காலத்தில் லாருட்டின் ஈயச் சுரங்கங்களாக இருந்தது. 1861-இலிருந்து 1874 வரை அங்கே கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீன இரகசியச் சங்கங்கள் மாறி மாறிப் போரிட்டன. சுரங்கத்துக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால், சுரங்க உரிமை, மலாய்ப் பிரபுக்களின் வாரிசுத் தகராறு எல்லாம் அதில் கலந்திருந்தன. தனியாக வந்திறங்கிய ஒரு சீனத் தொழிலாளிக்கு வேலையும் சோறும், செத்தால் அடக்கமும் சங்கம்தான் தந்தது. ஆகவே சங்கம் கூப்பிட்டபோது கத்தியோடு போனார். 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகி ஆங்கிலேயர் பேராக்கில் கால் வைத்தார்கள். சண்டையில் ஒரு தரப்புக்குத் தலைவராக இருந்தவரையே கப்பித்தான் என்னும் சீனர் தலைவராக்கி அவர் வழியாக ஆண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே காலத்தில் சிங்கப்பூரில் வேறொன்றும் நடந்தது. 1877-இல் சீனர் பாதுகாப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. வில்லியம் பிக்கரிங் என்ற அதிகாரி சீனப் பேச்சுமொழிகள் அறிந்தவர். புதிதாக வரும் தொழிலாளிகளைக் கப்பலிலேயே சந்தித்து விசாரிக்கவும், குறை உள்ளவர் சங்கத் தலைவரைத் தாண்டி நேராக வந்து சொல்லவும் அங்கே வழி செய்யப்பட்டது. இரகசியச் சங்கங்களைத் தடை செய்யும் சட்டம் அதற்குப் பிறகு, 1889-இல்தான் வந்தது. எனக்கு இந்த வரிசை முக்கியமாகப் படுகிறது. தனி மனிதர் வந்து தட்டக்கூடிய ஒரு கதவை முதலில் திறந்து வைத்தார்கள். குலத்தின் அதிகாரத்தைப் பிடுங்கியது பிறகு. அந்த அலுவலகமும் காலனியத்தின் கருவிதான் என்பது உண்மையே. இருந்தாலும், மொழி தெரிந்த ஓர் அதிகாரியும் எல்லாருக்கும் திறந்த ஒரு மேசையும் எவ்வளவு செய்யும் என்பதை அது காட்டுகிறது.

மேற்கு நாடுகளும் பிறக்கும்போதே தனி மனிதர்களாகப் பிறந்துவிடவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை நெருங்கிய உறவுக்குள் திருமணத்தைப் பல நூற்றாண்டுகள் தடுத்து வந்தது. ஏழு தலைமுறைவரை நீண்டிருந்த அந்தத் தடையை 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் நான்கு தலைமுறையாகக் குறைத்தது. அத்தை மகனும் மாமன் மகளும் முறை என்று வளர்ந்த நமக்கு, ஓர் ஐரோப்பியக் குடியானவர் அன்று யாரை மணக்க முடியாது என்பதைக் கணக்குப் போட்டாலே தலை சுற்றும். அப்படி உறவு வட்டத்துக்கு வெளியே போய் மணந்தே ஆக வேண்டியிருந்ததால்தான் குலங்கள் அங்கே மெல்லக் கரைந்தன என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் அந்தக் கரைதல் நடக்கவேயில்லை. 1746-இல் கலோடன் போரில் தோற்ற பிறகு, குலத் தலைவர்கள் பரம்பரையாக நீதி வழங்கிவந்த அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். அதன் பிறகு அந்தத் தலைவர்களில் பலர் வெறும் நிலச்சொந்தக்காரர்களாகி, தங்களை நம்பியிருந்த குடிகளையே ஆட்டு மேய்ச்சலுக்காக வெளியேற்றினார்கள். மலாயாத் தோட்டங்களுக்குத் துரைகளாக வந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர் பலர். குலத்தை அடித்து நொறுக்கிவிட்டு அதன் இடத்தில் வேறெதையும் வைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் நாடே உதாரணம்.

எங்களிடம் அந்தக் கட்டு எப்போது தளர்ந்தது என்று பார்த்தால், யாரும் வந்து எங்களுக்கு விழுமியங்களைப் போதித்ததால் தளரவில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். அதோடு, துரை எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படைகள் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மிதிவண்டியில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கு மனித சமத்துவத்தை யாரும் பாடமாக நடத்தியிருக்கவில்லை. அந்தக் கோரிக்கையை எழுப்பியவர்கள் எங்கள் ஆட்கள். அதை அடக்கியது தாராளவாத நாட்டின் அரசு. ஆகவே இந்த விழுமியங்களை மேற்கின் தனிச் சொத்து என்று யாராவது பேசும்போது, அங்குள்ளவர் பேசினாலும் சரி, நம்மவர் பேசினாலும் சரி, எனக்குக் கிள்ளான்தான் நினைவுக்கு வருகிறது.

அதற்கு முன்னும் பின்னும் கட்டைத் தளர்த்தியவை மெதுவான காரியங்கள். பிள்ளைகள் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே ஆசிரியர் நடத்திய ஓட்டைப் பள்ளியானாலும், எல்லாப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. சம்பளத்தைப் பேசித் தீர்ப்பது கங்காணியின் கையிலிருந்து சங்கத்தின் கைக்கு வந்தது. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 வரை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுகளாக்கி விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். எங்கள் ஊரைச் சேர்ந்தவரும் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருமான துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) சேர்த்தார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தில் தொடங்கி அந்தச் சங்கம் தோட்டங்களை வாங்கியது. அந்தப் பங்குப் பத்திரத்தை எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்பா வைத்திருந்தார். பெயர், அடையாள அட்டை எண், பங்கு, தொகை என்று எழுதியிருக்கும். ஊரையும் சாதியையும் அதில் யாரும் கேட்கவில்லை. கங்காணி தயவில் லயத்து அறை பெற்ற ஒருவரின் மகன், தன் பெயரில் ஒரு தோட்டத்தின் பங்குக்குச் சொந்தக்காரரானார். இந்த ஊரில் சாதிக்கு எதிராகப் பேசப்பட்ட மேடைப் பேச்சுகள் பல. அந்தப் பத்திரம் செய்த காரியத்தை அவற்றில் எதுவும் செய்ததாக நான் நினைக்கவில்லை.

அப்படியென்றால் சாதி போய்விட்டதா என்றால், போகவில்லை. வேலையிலிருந்தும் வாக்கிலிருந்தும் பெரும்பாலும் விலகிக்கொண்டு, திருமணத்தில் வந்து பதுங்கிக்கொண்டது. சாதியின் பெயரால் சங்கங்கள் இன்றும் நடக்கின்றன. கல்வி உதவி தருகின்றன, மண்டபம் கட்டுகின்றன, மாப்பிள்ளை தேடித் தருகின்றன. துக்க வீட்டில் முதலில் வந்து பந்தல் போடுபவர்களும் அவர்களே. அந்த உதவியை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். உதவி உண்மையானது என்பதால்தான் அந்தக் கட்டும் இவ்வளவு வலுவாக இருக்கிறது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் வேறு சாதிப் பையன் ஒருவனை விரும்பினாள். இருவரும் 21 வயதைத் தாண்டியவர்கள், இருவருக்கும் வேலை இருந்தது. ஈப்போவில் தேசியப் பதிவிலாகாவில் திருமணத்துக்கு மனுச் செய்தார்கள். இங்கே முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை, 1976-இல் இயற்றி 1982-இல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம் ஆள்கிறது. அக்காள் மகளைத் தாய்மாமன் மணக்கும் இந்து வழக்கத்துக்குக்கூட அந்தச் சட்டம் இடம் விட்டிருக்கிறது. ஆனால் சாதியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மனுவைப் பற்றிய அறிவிப்பை 21 நாள்கள் பலகையில் ஒட்டிவைப்பார்கள். அதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பெண்ணின் பெரியப்பாவும் இரண்டு மாமாக்களும் சாதிச் சங்கப் பொறுப்பாளர் ஒருவரோடு அலுவலகத்துக்குப் போனார்கள். அவள் கேட்டுக்கொண்டதால் நானும் அன்று அங்கே இருந்தேன்.

முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி அவர்களைப் பொறுமையாகக் கேட்டார். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாம், காரணம் சட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லி, என்னென்ன காரணங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வயது குறைவா, ஏற்கெனவே மணமானவரா, தடை செய்யப்பட்ட உறவா, சம்மதம் இல்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றார். பிறகு, "குடும்பத்துக்குப் பிடிக்கவில்லை" என்றார். அதற்கு இடமில்லை என்று அந்த அதிகாரி அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அவர்கள் வெளியே வந்தபோது பெரியப்பா என்னைப் பார்த்து, "டீச்சர், நீங்களுமா?" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். ஆனால் அந்த முகப்பில் அவர் வாயால் சொல்ல முடியாமல் போன ஒரு சொல்லுக்கு ஊரில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதையும், அது சட்டத்தின் முன் நுழையவே முடியாமல் நின்றதையும் ஒரே நாளில் பார்த்தேன். திருமணம் நடந்தது. அம்மா மகள் வீட்டுக்குப் போய் வருகிறார்; அப்பா இன்னும் அங்கே கை நனைக்கவில்லை.

மேற்கு நாடுகளில் நடந்தவற்றை நான் அந்த முகப்பை வைத்துத்தான் பார்க்கிறேன். சுவீடனில் ஃபாதிமே ஷாகின்தால் என்ற குர்திஷ் பெண், குடும்பம் பார்த்த வழியை விட்டுச் சுவீடன் நாட்டு இளைஞர் ஒருவரை விரும்பினார். 2001 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பேசியபோது, தம் குடும்பத்தாரைச் சமூகம் கைகொடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்ற கருத்தைச் சொன்னார். இரண்டு மாதத்தில், 2002 ஜனவரியில், உப்சாலாவில் தந்தையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பேச்சில் அவர் தம் மக்களை வெறுக்கவில்லை. தம் தந்தைக்கும் தமக்கும் நடுவில் அரசு வந்து நிற்க வேண்டிய நேரத்தில் வரவில்லை என்பதுதான் அவர் குறை. குலப்பற்றைப் பற்றிப் பேசுவதே அவமதிப்பு என்று நினைக்கும் நல்ல மனிதர்கள், அவரைப் போன்ற பெண்களைத்தான் தனியே விட்டுவிடுகிறார்கள்.

பிரிட்டன் மெதுவாகக் கற்றுக்கொண்டது. கட்டாயத் திருமணத்துக்கென 2005-இல் ஓர் அரசுப் பிரிவு அமைத்தது. 2014-இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அதைக் குற்றமாக்கியது. விடுமுறை என்று சொல்லி ஊருக்கு அழைத்துப்போகப்படும் பெண்களுக்கு அங்குள்ள ஒரு தொண்டு அமைப்பு தந்த ஆலோசனையைப் படித்தபோது மனம் கலங்கியது. உள்ளாடைக்குள் ஒரு கரண்டியை ஒளித்து வைத்துக்கொள். விமான நிலையச் சோதனைக் கருவி சத்தம் போடும். உன்னைத் தனியறைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே உண்மையைச் சொல் என்பது அந்த ஆலோசனை. குடும்பம் பக்கத்தில் இல்லாத ஐந்து நிமிடம், கேட்பதற்கு ஓர் அதிகாரி, இவ்வளவுதான் அந்தப் பெண்ணுக்குத் தேவை. விழுமியம் என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் நடைமுறையில் இந்த ஐந்து நிமிடம்தான்.

கனடாவின் ஒண்டாரியோவில் நடந்ததை நம் மக்கள் அதிகம் அறியவில்லை. 1991-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்கீழ், குடும்ப வழக்குகளைச் சமய நடுவர்கள் தீர்க்க அங்கே இடம் இருந்தது. 2003-இல் இஸ்லாமியச் சட்டப்படியும் நடுவர் மன்றம் அமைக்க முயற்சி எழுந்தபோது பெரிய விவாதம் நடந்தது. மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் குடியேறி வந்த முஸ்லிம் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 2005 செப்டம்பரில் முதல்வர் டால்டன் மெகிண்டி, எந்தச் சமயத்தின் பெயரிலும் குடும்ப வழக்கில் தனி நடுவர் மன்றம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று அறிவித்தார். யூதர்களும் கிறித்தவர்களும் வைத்திருந்த அந்த வசதியும் அதோடு போயிற்று. ஒரு குழுவை மட்டும் குறிவைக்காமல் எல்லாருக்கும் சேர்த்துச் செய்தது சரி. இதையே டென்மார்க்கின் வழியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 2002-இல், வெளிநாட்டுத் துணையை அழைத்துவர வேண்டுமானால் இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். கட்டாயத் திருமணத்தைத் தடுப்பது நோக்கம் என்றார்கள். சில பெண்களை அது காப்பாற்றியிருக்கலாம். ஆனால் மனமொத்து மணந்தவர்கள் பலர் பாலம் கடந்து சுவீடனின் மால்மோவில் குடியேற வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணிடம் உனக்குச் சம்மதமா என்று கேட்பதை விட்டுவிட்டு, அவள் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யும் விதி, குலத் தலைவர் செய்யும் காரியத்தை அரசே செய்வதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பேச்சில் நம்மவர்கள் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் நின்றுகொள்ள முடியாது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய இதே போன்ற மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி ஆளுநர் கேவின் நியூசம் அக்டோபரில் நிராகரித்தார். பிரிட்டனிலும் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2018-இல் அரசு வேண்டாம் என்று பின்வாங்கியது. இந்த மூன்று இடங்களிலும் எதிர்த்து நின்றவர்களில் நம் இந்தியர்களின் அமைப்புகள் முக்கியமானவை. தங்களை நிறத்தால் தாழ்த்தக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள், அதே சட்டம் தங்களுக்குள் நுழைந்து பார்க்க வேண்டாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரியார் 1929-இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து பேசிய பேச்சைக் கேட்டுப் பூணூலையும் சாதிப் பட்டத்தையும் துறந்த பெரியவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது வெட்கமாகவும் இருக்கிறது.

இப்போது எங்கள் ஊரைச் சுற்றி ரப்பர் குறைந்து செம்பனை நிறைந்துவிட்டது. பழைய லயங்களில் வங்காளதேசத்தவர்களும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு லயத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வங்காளதேசத்தில் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். முதலில் வந்த ஒருவர் ஏஜெண்டுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தார். வழிச்செலவுக்கு ஊரில் கடன் வாங்கித் தந்ததும் அவர் குடும்பம்தான். கடவுச்சீட்டுகள் நிர்வாகத்தின் அலமாரியில் இருக்கின்றன. இன்னொருவர் கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அந்தத் தொழிலாளர்களுக்கு யாரும் சொல்லவில்லை. போன ஆண்டு குலை அறுக்கும்போது ஒரு பையனின் கை அரிவாளில் ஆழமாக வெட்டுப்பட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு, லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, ஆள் சேர்த்த அந்தப் பெரியவர் வேலை முடிந்து வருவதற்காகக் காத்திருந்தான். தம்பி, ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று நான் கேட்டபோது, பாய் வந்து சொல்ல வேண்டும் என்றான். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைவிபத்துப் பாதுகாப்பு உண்டு. அவன் பெயரிலும் சந்தா கட்டப்பட்டிருந்தது. சட்டம் அவன் பெயரை அறிந்திருந்தது, அவனுக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது. என் அப்பாயி கங்காணிக்காகக் காத்திருந்த அதே திண்ணையில் அவன் இருந்தான்.

அவன் இங்கே வேலை செய்யும் அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வேறு இடத்துக்குப் போனால் சட்டவிரோதியாகிவிடுவான். மேற்கு நாடுகளும் இதே பாதையில் போவதுதான் எனக்கு மிகப் பெரிய கவலை. பிரிட்டன் 2022-இல் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டவரை விசா கொடுத்து அழைத்தது. அந்த விசா, அழைத்த நிறுவனத்தோடு பிணைந்தது. வேலையை விட்டால் இன்னொரு நிறுவனத்தைக் குறுகிய காலத்துக்குள் தேடிக்கொள்ள வேண்டும். அப்படிப் பிணைக்கப்பட்ட ஒருவர் யாரிடம் போவார்? தம் மொழி பேசும் தரகரிடம், தம் ஊர்க்காரரிடம், தம் சாதிச் சங்கத்திடம் போவார். கடனும் அவரிடமே, அறையும் அவரிடமே, நாளை மகளுக்கு மாப்பிள்ளையும் அவர் வழியாகவே. இருபது ஆண்டு கழித்து அந்தக் குடும்பத்தைப் பார்த்து, இவர்கள் எங்களோடு கலக்கவில்லை, குலத்தை விடவில்லை என்று அந்த நாட்டுக்காரர்கள் சொல்வார்கள். முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையோடு அனுமதிச் சீட்டைத் தொழிலாளியின் பெயரிலேயே கொடுக்கச் சொல்லி இங்கும் அங்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். குடியேறிகளை எவ்வளவு எண்ணிக்கையில் அனுமதிப்பது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்துகொள்ளட்டும், அது அவர்கள் உரிமை. அனுமதித்த ஒவ்வொருவரின் கடவுச்சீட்டும் சம்பளக் கணக்கும் வேலை அனுமதியும் அவரவர் கையில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.